நினைவு உதவித்தொகை (சமூக அறக்கட்டளை)

நினைவு உதவித்தொகை என்பது மறைந்த ஒருவரின் பெயரால் நிறுவப்பட்டு, மாணவர்களின் மேற்படிப்புக்காக ஆண்டுதோறும் வழங்கப்படும் நிதியுதவி ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் உள்ளூர் மாணவர்களுக்கான இத்தகைய உதவித்தொகைகள் பல, சமூக அறக்கட்டளைகள் எனப்படும் நிறுவனங்களின் வழியே நடத்தப்படுகின்றன. விபத்தில் இறந்த மாணவி, நெடுங்காலம் பாடம் நடத்திய ஆசிரியர், ஊர்த் தீயணைப்புப் படையில் பணியாற்றியவர் என எவர் பெயராலும் ஒரு நிதியம் தொடங்கப்படலாம். நிதியத்தின் பெயர் குடும்பத்தாரின் விருப்பப்படி அமையும். ஆனால் பணம் ஒருமுறை கொடுக்கப்பட்டபின் குடும்பத்தாருக்கு உரியதன்று. இம்முறையின் விதிகள் பலவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

சமூக அறக்கட்டளையின் தோற்றம்

முதலாவது சமூக அறக்கட்டளை 1914ஆம் ஆண்டு சனவரி 2 அன்று ஒகையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் தொடங்கப்பட்டது. இதை நிறுவியவர் பிரெடெரிக் ஆரிசு காஃப். வழக்கறிஞராக இருந்து வங்கித் தலைவரானவர். இறந்தவர்கள் எழுதிவைத்த அறநிதிகளை நிருவகிப்பது அவரது வங்கியின் தொழில்களுள் ஒன்று. உயில் எழுதியவரின் காலத்துக்குப் பொருந்திய நிபந்தனைகள், ஊரும் தொழிலும் மாறியபின் நிறைவேற்ற இயலாதனவாகிவிடும். பணம் வங்கியில் தேங்கிக் கிடக்கும். அதைத் தொட எவருக்கும் அதிகாரம் இராது. சட்ட வழக்கில் இந்நிலை 'இறந்தவரின் கை' என்று குறிக்கப்படுகிறது.

இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டுகள் உண்டு. செயின்ட் லூயிசு நகரின் முன்னாள் மேயர் பிரையன் முல்லன்பி 1851இல் இறந்தபோது, அந்நகரின் வழியாக மேற்குப் பகுதியில் குடியேறச் செல்லும் ஏழைப் பயணிகளுக்கு உதவத் தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை எழுதிவைத்தார். குடியேற்றக் காலம் முடிந்தபின் அத்தகைய பயணிகள் அரிதாயினர். நிதி மட்டும் எஞ்சியிருந்தது.

1790இல் இறந்த பெஞ்சமின் பிராங்கிளின் செய்த ஏற்பாடு இன்னும் சுவையானது. பாசுடன், பிலடெல்பியா ஆகிய இரு நகரங்களுக்கும் அவர் தலா 1,000 பவுண்டு விட்டுச் சென்றார். ஆசானிடம் தொழில் பழகி முடித்த, திருமணமான, 25 வயதுக்குட்பட்ட கைவினைஞர்களுக்கு அதிலிருந்து 5 விழுக்காடு வட்டிக்குக் கடன் வழங்கவேண்டும் என்பது நிபந்தனை. இது 200 ஆண்டுகள் நடக்கவேண்டும் என்றும் குறிப்பிட்டிருந்தார். தொழிற்சாலைகள் பெருகியபின் ஆசானிடம் தங்கித் தொழில் பழகும் வழக்கமே அருகிப்போனதால், கடன் பெறத் தகுதியுடையோர் குறைந்தனர். பிலடெல்பியாவில் 1940க்குப் பின்னர் பணம் பெரும்பாலும் வீட்டுக் கடனுக்கே பயன்பட்டது. 1990இல் தவணை முடிந்தபோது அந்நகரின் பங்கு 20 இலட்சம் டாலருக்கு மேல் வளர்ந்திருந்தது. நகர நிருவாகம் அதனை உள்ளூர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான உதவித்தொகைக்கு ஒதுக்கியது. பிராங்கிளின் எண்ணியபடி நடவாவிட்டாலும், இளையோருக்கு உதவுதல் என்ற அவரது நோக்கத்துக்கு இது அவ்வளவு தொலைவானதன்று.

காஃப் கண்ட தீர்வு எளிமையானது. பலருடைய கொடைகளும் ஒரே நிறுவனத்தின்கீழ்த் தனித்தனி நிதியங்களாக இருக்கும். ஒரு நிபந்தனை தேவையற்றதாகவோ, நிறைவேற்ற முடியாததாகவோ, ஊரின் தேவைக்கு முரணாகவோ ஆகிவிட்டால் அறக்கட்டளையின் ஆட்சிக்குழுவே அதனை மாற்றியமைக்கலாம். இவ்வதிகாரம் பின்னர் ஐக்கிய அமெரிக்க வரி விதிகளிலும் இடம்பெற்றது. கனடாவின் வினிப்பெக் நகரில் 1921இல் இதே போன்ற அறக்கட்டளை தோன்றியது. இன்று ஐக்கிய அமெரிக்காவில் மட்டும் 700க்கும் மேற்பட்டவை உள்ளன.

இவ்வதிகாரம் இல்லாத இடங்களில் நீதிமன்றத்தை நாடவேண்டியுள்ளது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1920இல் ஏற்படுத்தப்பட்ட ஓர் உதவித்தொகை, அயோவா மாநிலத்தில் பிறந்த வெள்ளை இனத்தவருக்கு மட்டுமே உரியது என உயிலில் எழுதப்பட்டிருந்தது. அந்த இன நிபந்தனையை நீக்கக் கோரி நீதிமன்றத்தில் விண்ணப்பம் தாக்கலானது 2013இல்தான்.

நிதியம் இயங்கும் முறை

குடும்பத்தாரும் நண்பர்களும் திரட்டும் பணம் முதலாக வைக்கப்பட்டு, பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் முதலீடு செய்யப்படும். நிலையான நிதியமெனில் முதல் காக்கப்படும். அதன் மதிப்பில் ஆண்டுக்குச் சுமார் 4 முதல் 5 விழுக்காடு மட்டுமே செலவிடப்படும். சந்தை ஏற்ற இறக்கம் உதவித்தொகையை அலைக்கழிக்காதிருக்க, கடந்த 12 அல்லது அதற்கு மேற்பட்ட காலாண்டுகளின் சராசரி மதிப்பைக் கொண்டு இத்தொகை கணக்கிடப்படுவது வழக்கம்.

இந்தக் கணக்கை முதன்முறையாகக் கேட்கும் குடும்பங்கள் பெரும்பாலும் திகைப்படைகின்றன. 25,000 டாலர் திரட்டுவது ஒரு சிற்றூருக்கு எளிதன்று. அதில் 4 விழுக்காடு 1,000 டாலர். ஆண்டுக்கு ஒரு மாணவருக்குப் பாடநூல்களுக்கும் கணினிக்கும் ஓரளவு போதும். கல்லூரிக் கட்டணத்துக்குப் போதாது. ஆகவே சில குடும்பங்கள் நிலையான நிதியத்தை விடுத்து, முதலையும் சேர்த்துப் பத்தாண்டுகளில் செலவிட்டு முடித்துவிடும் வகையைத் தேர்ந்தெடுக்கின்றன. மாணவருக்குக் கிடைக்கும் தொகை பெரிதாகும், ஆனால் பெயர் நிலைக்காது. எது சிறந்தது என்பது நினைவைப் பெரிதாகக் கருதுகிறோமா, மாணவரின் தேவையைப் பெரிதாகக் கருதுகிறோமா என்பதைப் பொறுத்தது.

சந்தை வீழும்போது நிதியத்தின் மதிப்பு, முதலில் கொடுத்த தொகைக்கும் கீழே செல்லக்கூடும். 1972ஆம் ஆண்டின் மாதிரிச் சட்டத்தைப் பின்பற்றிய மாநிலங்களில் அந்நிலையில் முதலிலிருந்து செலவிட இயலாது. 2006இல் வகுக்கப்பட்ட புதிய மாதிரிச் சட்டம் இத்தடையை நீக்கி, அளவறிந்து செலவிடும் பொறுப்பை ஆட்சிக்குழுவிடம் விட்டது. இதனைப் பென்சில்வேனியா நீங்கலாக ஏனைய மாநிலங்கள் ஏற்றுக்கொண்டன.

தேர்வுக் குழுவும் குடும்பமும்

மிகுந்த மனவருத்தம் எழுவது இங்குதான். தம் பிள்ளையின் பெயரால் வழங்கப்படும் தொகை யாருக்குச் செல்லவேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்ய விரும்புவது பெற்றோருக்கு இயல்பு. ஐக்கிய அமெரிக்கச் சட்டம் இதற்கு இடமளிப்பதில்லை. 2006ஆம் ஆண்டின் ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டம், கொடையாளரின் ஆலோசனைப்படி நடக்கும் நிதியங்களிலிருந்து தனியாட்களுக்குப் பணம் வழங்குவதைத் தடுத்தது. உதவித்தொகைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆனால் தேர்வுக் குழுவின் உறுப்பினர் அனைவரையும் அறக்கட்டளையே நியமிக்கவேண்டும். கொடையாளரும் அவரைச் சார்ந்தோரும் நேராகவோ மறைமுகமாகவோ குழுவைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்கக்கூடாது. ஆட்சிக்குழு முன்கூட்டியே ஏற்ற, பாகுபாடற்ற நடைமுறைப்படி தேர்வு நடைபெறவேண்டும்.

எனவே தாய் குழுவில் அமரலாம், ஆனால் அவரது வாக்கு பலவற்றுள் ஒன்று. தம் மகளைப் போலவே வயலின் வாசிக்கும் மாணவியை அவர் விரும்பலாம்; மற்றவர்கள், பள்ளி முடிந்ததும் கடையில் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்கும் மாணவனைத் தேர்ந்தெடுக்கலாம். விதி கடுமையானதுதான். எனினும் வரிச் சலுகை பெற்ற பணம், கொடுத்தவரின் உறவினர்க்கும் நண்பர்க்குமே திரும்பிச் செல்வதைத் தடுக்க வேறு நல்ல வழி கண்டறியப்படவில்லை.

தகுதி விதிகளை எழுதும்போதும் எச்சரிக்கை தேவை. இறந்தவரின் பண்புகளையெல்லாம் நிபந்தனைகளாக எழுதினால் பொருந்தும் மாணவர் எவரும் இராமற்போகலாம். குறிப்பிட்ட ஒரே பள்ளியின் பெயரை எழுதினால், ஊர்ப்புறங்களில் அடிக்கடி நிகழ்வதுபோல் அப்பள்ளி மற்றொன்றுடன் இணைக்கப்படும்போது சிக்கல் எழும். இதனால் ஒப்பந்தத்திலேயே 'அப்பள்ளி அல்லது அதன் இடத்தில் அமையும் பள்ளி' என்று சேர்க்கப்படுகிறது.

கல்லூரியின் கழிப்பு

தொகை பொதுவாக மாணவரின் பெயரில் கல்லூரிக்கே அனுப்பப்படுகிறது. அங்கு எதிர்பாராத ஒன்று நிகழக்கூடும். வெளியிலிருந்து 1,000 டாலர் வந்ததும் கல்லூரி தான் வழங்கவிருந்த உதவியில் 1,000 டாலரைக் குறைத்துக்கொண்டால், மாணவருக்கு எந்தப் பயனும் இராது. பயனடைவது கல்லூரியே. மேரிலாந்து மாநிலம் 2017இல் தன் அரசுப் பல்கலைக்கழகங்களில் இவ்வழக்கத்துக்கு முதன்முதலாகச் சட்டக் கட்டுப்பாடு விதித்தது. பிற இடங்களில் அறக்கட்டளைகள் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதி, கல்விக் கடனையோ வளாக வேலையையோ முதலில் குறைக்குமாறு கோருகின்றன; சில, தொகையை அடுத்த பருவத்துக்கு ஒத்திவைக்க மாணவரை அனுமதிக்கின்றன.

வரியைப் பொறுத்தவரை, பட்டப்படிப்பு மாணவர் ஒருவர் கல்விக் கட்டணத்துக்கும் தேவையான நூல்களுக்கும் செலவிடும் உதவித்தொகைக்கு வருமான வரி இல்லை. விடுதிக்கும் உணவுக்கும் செலவிடும் பகுதி வருமானமாகவே கணக்கிடப்படும்.