பழைய லாண்ட் றோவர் வண்டிகளின் சுக்கான் கோளாறுகளைக் கண்டறிதல்

மாத்தளை மாவட்டத்தில் இறத்தோட்டை, உக்குவளை, யட்டவத்தை, லக்கலை ஆகிய பகுதிகளிலுள்ள கமக்காரர் பலர், மிளகு, கராம்பு, கொக்கோ, மரக்கறி முதலியவற்றை மேட்டுத் தோட்டங்களிலிருந்து இறக்குவதற்கு நான்கு சில்லுகளும் இயங்கும் பழைய வண்டிகளையே நம்பியிருக்கின்றனர். இவற்றுள் லாண்ட் றோவர் நன்கு அறியப்பட்டது. 1948ஆம் ஆண்டில் முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்ட இவ்வண்டியின் தகட்டு வில் பொருத்திய வகைகள் 1985ஆம் ஆண்டுவரை செய்யப்பட்டன. ஆகவே, இன்று ஓடும் அவ்வகை வண்டிகளில் மிகவும் இளையதற்கே நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டிலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டமையால், பழைய வண்டியைச் செப்பனிட்டு வைத்துக்கொள்ள வேண்டிய தேவை மேலும் கூடிற்று.

இவ்வண்டிகளில் அடிக்கடி தோன்றுவது சுக்கான் கோளாறு. வண்டி ஒருநாள் இடப்பக்கம் இழுக்கும்; மறுநாள் வலப்பக்கம் ஓடும்; சில நாள் யாதொரு குறையுமின்றிச் செல்லும். இறத்தோட்டையிலிருந்து றிவஸ்டன் வழியே இலுக்கும்புறைக்குச் செல்லும் வீதியைப் போன்ற ஒடுங்கிய மலைவீதியில், பாரத்துடன் இறங்கும்போது சுக்கான் ஒரு முழம் தவறினாலும் உயிர்ச்சேதம் நேரலாம். ஆதலால், “பழைய வண்டி அப்படித்தான்” என்று சமாதானம் கொள்ளுதல் கூடாது.

கோளாறு பிடிபடாமைக்குக் காரணம்

சுக்கான் வளையத்தைத் திருப்பும் விசை நேராகச் சில்லுக்குச் செல்வதில்லை. அது சுக்கான் பெட்டிக்கும், அங்கிருந்து ஒரு தண்டின் வழியாக முன் குறுக்குச் சட்டத்துள் நிற்கும் றிலேக்கும், பின்னர் வேறொரு தண்டின் வழியாக ஒரு முன்சில்லுக்கும், குறுக்குத் தண்டின் வழியாக மற்றச் சில்லுக்கும் செல்கின்றது. இத்தண்டுகளில் மட்டும் ஆறு பந்து மூட்டுக்கள் உள. ஒவ்வொன்றிலும் ஒரு நெல்மணியளவு ஆட்டம் இருப்பினும், ஆறும் சேரும்போது வளையத்தில் அது பெரிதாகத் தெரியும். இதனால் பலர் முதலில் சுக்கான் பெட்டியையே பழிகூறி, பெருந்தொகை செலவிட்டு மாற்றுகின்றனர். கோளாறோ பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கின்றது.

அறிகுறிகளைப் பிரித்தறிதல்

வண்டி எப்போது தவறுகின்றது என்பதை முதலில் கவனித்து எழுதி வையுங்கள்.

1. நேர்வீதியில் அங்குமிங்கும் அலைந்தால் பந்து மூட்டு, சில்லின் பெயறிங் ஆகியவற்றில் ஆட்டத்தைத் தேடுக.

2. வளைவில் திருப்பியபின் சுக்கான் தானே மீளாது, விட்ட இடத்திலேயே நின்றால், அது தளர்ச்சியன்று, இறுக்கம். றிலே அல்லது கிங்பின் உலர்ந்து பிடித்திருக்கலாம். “ஒருநாள் இடம், ஒருநாள் வலம்” என்னும் குறைக்கு இதுவே முக்கிய காரணம். கடைசியாக எப்பக்கம் திருப்பினீர்களோ அப்பக்கமே வண்டி செல்லும்.

3. பிரேக் அழுத்தும்போது மட்டும் இழுத்தால், குடத்தின் எண்ணெய் கசிந்து பிரேக் பட்டையை நனைத்ததா எனப் பார்க்குக.

4. எஞ்சின் விசையைக் கூட்டும்போது ஒரு பக்கமும், குறைக்கும்போது மறு பக்கமும் ஓடினால், அச்சைத் தகட்டு வில்லுடன் பிணைக்கும் யூ-போல்ற்றுக்கள் தளர்ந்திருக்கலாம். அல்லது வில்லின் புஷ்கள் தேய்ந்திருக்கலாம். பின்னச்சு சிறிது அசைந்தாலும் வண்டி பின்னாலிருந்து திருப்பப்படும். முன்பக்கத்தை மட்டும் பார்ப்போர் இதனைக் காணார்.

5. குழியில் ஏறியபின் முன்சில்லுகள் படபடவென்று ஆடினால், கிங்பின்னின் இறுக்கம் போதாது. அன்றேல் சில்லின் சமநிலை தவறியுள்ளது.

6. கற்பாறை வழிக்காக முன்சில்லு இயக்கத்தைப் பூட்டிவிட்டு, தார்வீதிக்கு வந்தபின்னும் விடுவிக்க மறந்தால் சுக்கான் கனக்கும். வண்டியை நிறுத்திச் சிவப்பு நெம்பை முற்றாகப் பின்னே இழுத்து, மஞ்சள் குமிழ் மேலெழுந்தபின் முன்னே தள்ளுக.

சோதிக்கும் ஒழுங்கு

செலவில்லாதவற்றை முதலிற் சோதித்தல் வேண்டும். முன்ரயர் இரண்டும் ஒரே அளவினவாயும் ஒரே காற்றழுத்தம் உடையனவாயும் இருத்தல் அவசியம். அழுத்த அளவை வண்டியின் கைந்நூலிற் பார்த்து, ரயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்புக. பின்னர் சில்லு நட்டுக்களையும், நான்கு வில்களின் யூ-போல்ற்றுக்களையும் இறுக்கிப் பார்க்குக.

அடுத்து, வண்டி சமநிலத்தில் தன் சில்லுகளிலேயே நிற்க, எஞ்சின் நிறுத்தியிருக்க, ஒருவர் சுக்கான் வளையத்தை இடமும் வலமும் சிறிது அசைக்கட்டும். மற்றவர் ஒவ்வொரு பந்து மூட்டின் மேலும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். தண்டு அசைந்தும் அடுத்த உறுப்பு உடனே அசையாதாயின், ஆட்டம் அவ்விடத்திலேயே உளது. றிலேயின் மேற்கை அசையக் கீழ்க்கை தாமதித்தால், கையைப் பிடிக்கும் போல்ற்று தளர்ந்ததெனக் கொள்க. சுக்கான் பெட்டியே சட்டத்தில் அசைகின்றதா என்பதையும் நோக்குக.

பின்பு முன்னச்சை ஜக்கினால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின்மேல் இருத்துக. பின்சில்லுகளுக்கு இருபுறமும் மரக்கட்டை அடை கொடுத்தல் வேண்டும். ஜக்கில் மட்டும் நிற்கும் வண்டியின் கீழே ஒருபோதும் படுக்கவேண்டாம். சில்லை மேலும் கீழும் பிடித்து அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தால், உதவியாளரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்தால் குறை குடத்தின் பெயறிங்கில், மறையாவிடில் கிங்பின்னில். இவ்வொரு சோதனை வீண்செலவு பலவற்றைத் தவிர்க்கும்.

இறுக்கத்தைச் சோதிக்க, றிலேயிலிருந்து சில்லுக்குச் செல்லும் தண்டைக் கழற்றிவிடுக. இப்போது சில்லுகளைக் கையால் திருப்புங்கள். கனமாயிருந்தால் கிங்பின் இறுகியுள்ளது; இலேசாயிருந்து, சுக்கான் வளையம் மட்டும் கனத்தால் றிலேயோ பெட்டியோ இறுகியுள்ளது. மிளகு நிறுக்கும் வில்தராசைக் கொக்கியிட்டு இழுத்தால், இவ்விசையை அளந்து கைந்நூலின் அளவுடன் ஒப்பிடலாம்.

எண்ணெயும் நீரும்

றிலேக்கும் எண்ணெய் வேண்டும் என்பது பலர் அறியாதது. அதன் மேல்மூடியின் போல்ற்றைக் கழற்றி எண்ணெய் வார்க்கலாம். உலர்ந்து இறுகிய றிலே இதனாலேயே சிலவேளை சீராகும். கிங்பின் கூட்டிலும் தனி எண்ணெய் உண்டு. ஓடைகளைக் கடந்து செல்லும் வண்டிகளில் நீர் உட்புகுந்து எண்ணெய் பால்நிறமாகும். அவ்வாறாயின் உடனே மாற்றி, கசியும் சீலையும் புதுப்பிக்க வேண்டும்.

எச்சரிக்கை

றிலேயின் உள்ளே மிகுந்த வலுவுடன் அமுக்கப்பட்ட வில் ஒன்று உண்டு. அறியாது திறந்தால் அது பாய்ந்து கண்ணையும் கையையும் ஊறுபடுத்தும். இவ்வேலையைப் பழகிய மெக்கானிக்கிடம் விடுதலே நன்று.

சுக்கான் பெட்டியின் திருகையும் கண்டபடி இறுக்கற்க. பெட்டி நடுவிலேயே மிகுதியாகத் தேய்கின்றது. நடு ஆட்டத்தைப் போக்க இறுக்கினால், தேயாத இருபக்கங்களிலும் அது பிடித்துக்கொள்ளும்; கொண்டையூசி வளைவில் சுக்கான் திரும்ப மறுக்கும்.

இறுதியாக

எல்லா ஆட்டமும் நீங்கியபின்னரே சில்லுகளின் நேர்மையைச் சரிபார்க்க வேண்டும்; முன்னர் பார்த்தால் அளவு பொய்க்கும். குடத்தின் உயரத்தில், சில்லு விளிம்புகளுக்கிடையே முன்புற அகலம் பின்புற அகலத்திலும் 1.2 முதல் 2.4 மில்லிமீற்றர் குறைந்திருத்தல் வேண்டும். வண்டியை அரைச்சுற்று உருட்டி, அதே புள்ளிகளில் இரண்டாம் முறையும் அளவெடுக்குக.

ஒருமுறைக்கு ஒரு திருத்தமே செய்து, ஓட்டிப் பார்த்து, விளைவைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது நோய், எது மருந்து என்பது தெரியாது. பந்து மூட்டை மாற்றியபின் பிளவூசி இட மறவாதீர்கள்.

குறை தீரும்வரை பாரம் ஏற்றாதீர்கள்; மூட்டைகளின்மேல் கூலியாட்களையோ பிள்ளைகளையோ ஏற்றிச் செல்லாதீர்கள். ஒரு நாட் சந்தை தவறினால் அடுத்த சந்தை வரும். மலைவீதியில் தவறிய வண்டி மீளாது.