பழைய டார்ச்சுக்குப் புது உயிர்!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப் போட்டபோது எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. முதல் நாள் இரவு, தண்ணீர் எத்தனை படி ஏறியிருக்கிறது என்று பார்க்க அப்பா டார்ச்சுடன் கீழே இறங்கினார். பாதிப் படியில் டார்ச் அணைந்துவிட்டது. நல்ல வேளை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். மொபைல் வெளிச்சத்தில் போய் அழைத்து வந்தேன்.

"வாரம் பூரா பிளக்குலயேதான்டா சொருகி வச்சிருந்தேன். இருபது நிமிஷம்கூட எரியலையே" என்றார். பிளக்கிலேயே விட்டதுதான் கோளாறு என்று அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

அந்த டார்ச் பிளாட்பாரக் கடையில் வாங்கியது. பின்பக்கம் இரண்டு பின்கள் நீட்டிக்கொண்டிருக்கும். நேராக சுவர் சாக்கெட்டில் சொருகி சார்ஜ் செய்ய வேண்டும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கலாம். இதை 300 ரூபாய்க்குள் எப்படி நல்ல டார்ச்சாக மாற்றினேன் என்று பார்ப்போமா?

உள்ளே என்ன இருக்கிறது?

ஸ்க்ரூக்களைக் கழற்றினால் மூன்றே பகுதிகள். முன்னால் 12 சிறிய வெள்ளை எல்.இ.டி.கள். நடுவில் 4 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி. பின்னால் சார்ஜ் செய்யும் சின்ன போர்டு.

லெட்-ஆசிட் என்றதும் எங்கோ கேள்விப்பட்டது போல இருக்கிறதா? உங்கள் கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியும் இதே ஜாதிதான். ஆனால் யு.பி.எஸ்.ஸில் பேட்டரி நிறைந்ததும் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் இருக்கிறது. இந்த டார்ச்சில் அது இல்லை. பேட்டரி நிறைந்த பிறகும் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். உள்ளே உள்ள ஈரம் வற்றி, பேட்டரி உப்பி, கொள்ளளவு குறைந்துவிடும். எங்கள் டார்ச்சில் நடந்தது இதுதான். நேர்மாறாக, முழுதும் காலியான பேட்டரியை மாதக்கணக்கில் அப்படியே போட்டு வைத்தாலும் அது கெட்டுவிடும்.

ஜாக்கிரதை, ஷாக் அடிக்கும்!

இதைக் கவனமாகப் படியுங்கள். இந்த போர்டில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. 230 வோல்ட் மின்சாரத்தை ஒரு கெபாசிட்டர் வழியாக அனுப்பி, கரண்ட்டை மட்டும் குறைத்து பேட்டரிக்குக் கொடுக்கிறார்கள். 1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் என்றால் சுமார் 70 மில்லி ஆம்பியர் போகும். அதனால் சாக்கெட்டில் இருக்கும்போது உள்ளே பேட்டரி, ஒயர், எல்.இ.டி. எதைத் தொட்டாலும் நேரடியாக மெயின்ஸைத் தொடுவதற்குச் சமம். அந்த நிலையில் ஒருபோதும் திறக்காதீர்கள்.

நான் டார்ச்சைப் பிடுங்கிய கையோடு பின்களைத் தொட்டேன். சுளீர் என்று ஒரு ஷாக்! கெபாசிட்டரில் தேங்கும் மின்சாரத்தை வடிப்பதற்காக அதன் குறுக்கே ஒரு ரெசிஸ்டர் வைப்பார்கள். என் டார்ச்சில் அதன் ஒரு கால் விட்டுப்போயிருந்தது. குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த ஒரு காரணத்துக்காகவே பின்களை நீக்கிவிடலாம் என்று அன்று முடிவு செய்தேன்.

முதல் வேலை: எல்.இ.டி.கள்

வெள்ளை எல்.இ.டி.க்கு சுமார் 3.2 வோல்ட், 20 மில்லி ஆம்பியர் போதும். என் டார்ச்சில் 12 எல்.இ.டி.களையும் பக்கம் பக்கமாக இணைத்து, ரெசிஸ்டரே இல்லாமல் பேட்டரியில் கொடுத்திருந்தார்கள். எல்லா எல்.இ.டி.யும் ஒரே மாதிரி இருக்காது. சற்றுக் குறைந்த வோல்டேஜில் எரிவது அதிக கரண்ட்டை இழுக்கும். இழுத்தால் சூடாகும். சூடானால் இன்னும் அதிகமாக இழுக்கும். கடைசியில் மங்கிப்போகும். என்னுடையதில் மூன்று ஏற்கெனவே மங்கியிருந்தன.

தீர்வு, ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் தனித்தனி ரெசிஸ்டர். கணக்கு சுலபம். பேட்டரியின் 4.2 வோல்ட்டில் எல்.இ.டி.யின் 3.2-ஐக் கழித்தால் மீதி 1 வோல்ட். அதை 0.02 ஆம்பியரால் வகுத்தால் 50 ஓம். கடையில் கிடைப்பது 47 ஓம், கால் வாட். மஞ்சள், ஊதா, கறுப்பு வளையங்கள் இருக்கும். டாட் போர்டு ஒன்றை வட்டமாக வெட்டி, 12 புது எல்.இ.டி.களையும் 12 ரெசிஸ்டர்களையும் சால்டர் செய்தேன். எல்.இ.டி.யின் நீளமான கால் பிளஸ் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாம் வேலை: பேட்டரி

லெட்-ஆசிட்டை எடுத்துவிட்டு 18650 லித்தியம் செல் ஒன்று வைத்தேன். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம் என்பதால் அந்தப் பெயர். நிறைந்தால் 4.2 வோல்ட், எனவே நம் 47 ஓம் கணக்கு மாறாது. வாங்கும்போது ஏமாறாதீர்கள். நல்ல செல்லின் கொள்ளளவே சுமார் 3500 மில்லி ஆம்பியர் அவருக்குள்தான். மேலே 9900 என்று அச்சிட்டிருந்தால் போலி. கையில் எடுத்தால் சுமார் 45 கிராம் கனம் இருக்க வேண்டும்.

செல்லின் மேல் நேரடியாக சால்டர் செய்யாதீர்கள். சூடு செல்லைக் கெடுத்துவிடும். ஹோல்டர் வாங்கி, அதில் ஒயரை இணையுங்கள். பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து செல் எடுக்கும் யோசனையும் வேண்டாம்.

மூன்றாம் வேலை: சார்ஜிங்

பழைய போர்டில் லித்தியம் செல்லை இணைக்கவே கூடாது. 4.2 வோல்ட்டில் நிறுத்தத் தெரியாத சார்ஜர் லித்தியம் செல்லைத் தீப்பிடிக்க வைத்துவிடும். அதனால் அந்த போர்டையும் பின்களையும் முழுவதுமாகப் பிடுங்கிவிடுங்கள். தெரியாமல் யாராவது சாக்கெட்டில் சொருகும் ஆபத்தும் தீர்ந்தது.

அதற்குப் பதில் டி.பி. 4056 என்ற சிறிய மாட்யூல். யு.எஸ்.பி.யின் 5 வோல்ட்டை வாங்கி செல்லைச் சார்ஜ் செய்து, 4.2 வோல்ட் வந்ததும் கரண்ட்டைப் படிப்படியாகக் குறைத்துத் தானே நிறுத்திக்கொள்ளும். பாதுகாப்பு சர்க்யூட்டும் சேர்ந்த மாட்யூலாகக் கேட்டு வாங்குங்கள். அதில் 'பி' என்று தொடங்கும் இரண்டு முனைகள் செல்லுக்கு, 'அவுட்' என்ற இரண்டு முனைகள் சுவிட்ச் வழியாக எல்.இ.டி. போர்டுக்கு. பிளஸ், மைனஸை இருமுறை சரிபார்த்த பிறகு செல்லைப் போடுங்கள்.

கம்ப்யூட்டரில் சார்ஜ் செய்யலாமா?

இங்கே நான் ஒரு தவறு செய்தேன். கீபோர்டும் மவுசும் மாட்டியிருந்த யு.எஸ்.பி. ஹப்பிலேயே டார்ச்சையும் சொருகினேன். இரண்டும் உடனே வேலை செய்யாமல் போயின! காரணம், இந்த மாட்யூல் 1 ஆம்பியர் வரை இழுக்கும். யு.எஸ்.பி. 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர்தான். 3.0 என்றாலும் 900. டார்ச்சைப் பிடுங்கி, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. நீங்கள் பழைய மொபைல் சார்ஜரைப் பயன்படுத்துங்கள். 5 வோல்ட், 1 ஆம்பியர் அல்லது அதற்கு மேல் என்று அதில் எழுதியிருந்தால் போதும். கம்ப்யூட்டரில்தான் சார்ஜ் செய்ய வேண்டும் என்றால் மாட்யூலில் உள்ள 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை 2.4 கிலோ ஓமாக மாற்றினால் கரண்ட் பாதியாகிவிடும். அது கடுகு சைஸ் ரெசிஸ்டர், சால்டரிங் பழகியவர்களுக்கே கைவரும்.

பலன் என்ன?

எரியவிட்ட முதல் நிமிடம் எனக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான். வெளிச்சம் பழையதைவிட சற்றுக் குறைவாகத் தெரிந்தது. ஆனால் இரவு 7 மணிக்குப் போட்ட டார்ச் விடியற்காலை 6 மணிக்கும், சற்று மங்கலாக, எரிந்துகொண்டிருந்தது. நான் போட்டது 2600 மில்லி ஆம்பியர் அவர் செல்.

சால்டரிங் வராது என்பவர்களுக்கு: பழைய டார்ச்சையே வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் சொன்ன மணி நேரம் முடிந்ததும் சாக்கெட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். பின்களைத் தொடாதீர்கள். பயன்படுத்தாவிட்டாலும் மாதம் ஒருமுறை சார்ஜ் செய்யுங்கள்.

அப்பா இன்றும் பழக்க தோஷத்தில் டார்ச்சை சார்ஜரிலேயே விட்டுவிடுகிறார். நான் ஒன்றும் சொல்வதில்லை. நிறைந்ததும் மாட்யூல் தானாக நிறுத்திக்கொள்கிறது. அடுத்த மழைக்காலத்தில் அவர் படியிறங்கும்போது அது பாதியில் அணையாது.