வேகமான வட்டு ஏன் அருகிலேயே விழுகிறது?

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், கலிபோர்னியா எல்லையை ஒட்டி பிரிம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. சுற்றிலும் பாலைநிலம், மரமில்லை, கட்டடமில்லை, காற்று மட்டும் தாராளமாக வீசும். 2016 மார்ச் 28ஆம் தேதி அங்கே டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் என்ற இளைஞர் ஒரு பிளாஸ்டிக் வட்டை எறிந்தார். அது 338 மீட்டர் தள்ளிப் போய்த் தரையைத் தொட்டது. மூன்று காற்பந்துத் திடல்களை நீளவாக்கில் அடுக்கினாலும் 315 மீட்டர்தான் வரும். எஞ்சின் இல்லை, இறக்கை இல்லை. மனிதக் கை ஒன்றின் வீச்சும் பின்னாலிருந்து வீசிய காற்றும்தான்.

இந்தச் செய்தியைப் படிப்பவருக்கு உடனே ஓர் ஆசை வரும். “அதே மாதிரி வேகமான வட்டு ஒன்றை வாங்கினால் நானும் தூரமாக எறியலாமே!” டிஸ்க் கோல்ஃப் விளையாட வருகிற புதியவர்களில் பலர் செய்யும் முதல் தவறு இதுதான். கடையில் இருப்பதிலேயே வேகமான வட்டை வாங்குவார்கள். எறிந்ததும் அது கொஞ்ச தூரம் மேலே ஏறி, இடப்பக்கம் சரிந்து, புதருக்குள் போய் விழும். இன்னும் பலமாக எறிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்துத் தோளையும் முழங்கையையும் வருத்திக்கொள்வார்கள். சில வாரங்களில் வலி மிஞ்சும், ஆர்வம் போய்விடும்.

வேகமான வட்டு ஏன் மெதுவான கைக்கு அடங்குவதில்லை? விடை இயற்பியலில் இருக்கிறது.

குழிக்குப் பதில் சங்கிலிக்கூடை

முதலில் விளையாட்டைப் பார்த்துவிடுவோம். டிஸ்க் கோல்ஃபில் பந்தும் இல்லை, மட்டையும் இல்லை. கையால் வட்டை எறிந்து, தூரத்தில் நிற்கும் சங்கிலிக்கூடையில் விழச் செய்ய வேண்டும். குறைந்த எறிகளில் முடிப்பவரே வெற்றியாளர். பிரிஸ்பீ வட்டைச் செம்மைப்படுத்திய எட் ஹெட்ரிக் என்ற அமெரிக்கர்தான் இதற்கு உருவம் கொடுத்தவர். 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர ஆடுகளத்தை அமைத்தார். மறு ஆண்டு நிபுணத்துவ டிஸ்க் கோல்ஃப் சங்கத்தைத் தொடங்கினார். 2002இல் அவர் இறந்தபோது, அவரது விருப்பப்படியே அவருடைய சாம்பலைக் கலந்து வட்டுகள் வார்க்கப்பட்டன. அந்த அளவுக்கு வட்டின்மீது பற்று!

ஆரம்பத்தில் எறியப்பட்டவை சாதாரண பிரிஸ்பீ போன்ற, விளிம்பு உருண்ட வட்டுகள். 1983இல் டேவ் டுனிபேஸ் என்பவர் வட்டின் விளிம்பைச் சரிவாகச் செதுக்கி, ஆப்புபோல் கூராக்கினார். காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் வட்டு பிறந்தது அப்போதுதான். இன்றைய தொலைதூர டிரைவர்கள் எல்லாம் அதன் வாரிசுகள். ‘டிரைவர்’ என்றால் இங்கே காரோட்டி அல்ல. தொடக்க எறிக்குப் பயன்படும் வட்டு. நடுத்தரத் தூரத்துக்கு ‘மிட்ரேஞ்ச்’, கூடைக்கு அருகில் எறிய ‘பட்டர்’ என்று மற்ற இரண்டு வகைகளும் உண்டு.

ஒரே எடை, குறைந்த பரப்பு

கடற்கரையில் குழுவாக ஆடும் ‘அல்டிமேட்’ வட்டு ஏறக்குறைய 27 சென்டிமீட்டர் விட்டமும் 175 கிராம் எடையும் கொண்டது. டிஸ்க் கோல்ஃப் டிரைவரின் விட்டம் ஏறக்குறைய 21 சென்டிமீட்டர்தான். ஆனால் எடை அதே 175 கிராம்வரை இருக்கலாம். சங்க விதிப்படி, விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராமுக்கு மேல் எடை இருக்கக்கூடாது. 21.1ஐ 8.3ஆல் பெருக்கினால் 175 வருகிறது அல்லவா?

எடை ஒன்றுதான், பரப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவு. அதாவது, அதே பாரத்தைச் சிறிய இறக்கை தாங்க வேண்டும். விமானத்துடன் ஒப்பிட்டால் அல்டிமேட் வட்டு மெதுவாக மிதக்கும் கிளைடர். டிரைவர் போர் விமானம். போர் விமானம் மெதுவாகப் பறந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்.

வட்டைக் காற்றில் தாங்கும் தூக்குவிசை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எறியப்படும் வட்டுக்குக் கிடைக்கும் தூக்குவிசையில், 70 கிலோமீட்டர் வேகத்தில் எறியப்படும் வட்டுக்கு ஏறத்தாழ பாதிதான் கிடைக்கும். 0.7 பெருக்கல் 0.7, 0.49. வேகத்தில் குறைந்தது 30 விழுக்காடு. தூக்குவிசையில் போனது பாதி.

பம்பரம் சொல்லும் பாடம்

தூக்குவிசை மட்டுமே கதை என்றால், மெதுவாக எறிந்த வட்டு நேராகப் போய்ச் சீக்கிரம் விழ வேண்டும். அது ஏன் இடப்பக்கம் சரிகிறது? இதற்குப் பம்பரத்தை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சுழலும் பம்பரத்தை விரலால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். தள்ளிய திசையில் அது சாயாது. அதற்குச் செங்குத்தான திசையில் சாயும். கிளந்தானில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகச் சுழலும் காசிங்குக்கும் இதே விதிதான், காற்றில் சுழலும் வட்டுக்கும் இதே விதிதான்.

வலக்கைக்காரர் புறங்கையால் எறியும் வட்டு, மேலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுழலும். எறிந்தவுடன் வட்டு வேகமாகவும் ஏறக்குறைய கிடையாகவும் போகிறது. அப்போது தூக்குவிசை வட்டின் மையத்துக்குச் சற்றுப் பின்னால் செயல்பட்டு, மூக்கைக் கீழே அமுக்கப் பார்க்கும். ஆனால் வட்டு சுழல்வதால் மூக்கு கீழே போவதில்லை. வட்டு வலப்பக்கம் சாய்கிறது. காற்றுத்தடையால் வேகம் குறைந்து வட்டு இறங்கத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிறது. கீழிருந்து காற்று மோதும் கோணம் கூடுகிறது. தூக்குவிசை மையத்துக்கு முன்னால் நகர்ந்து மூக்கைத் தூக்கப் பார்க்கிறது. இப்போது வட்டு இடப்பக்கம் சாய்கிறது.

முதலில் வலம், பிறகு இடம்: நீட்டி எழுதிய ‘எஸ்’ எழுத்துபோன்ற இந்தப் பாதைதான் தூரத்தின் இரகசியம். வல்லுநர் எறியும் டிரைவர் முதல் பாதியில் வலப்பக்கம் மிதந்து, பின்பாதியில் இடப்பக்கம் திரும்பி, நடுக்கோட்டுக்கு அருகில் வந்து இறங்கும். இடக்கைக்காரர்களுக்கு எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாறிவரும்.

போதிய வேகமில்லாத கையிலிருந்து புறப்பட்ட டிரைவருக்கு அந்த முதல் பாதியே கிடைப்பதில்லை. புறப்பட்ட கணத்திலிருந்தே இரண்டாம் கட்டம் தொடங்கிவிடுகிறது. சுழற்சியும் குறைவாக இருப்பதால் சாய்வும் வேகமாக நடக்கிறது. சுழற்சி குறைந்த பம்பரம் விரைவாகத் தலையாட்டுவதைப் பார்த்திருப்பீர்களே! புதியவரின் வட்டு புதருக்குள் போவதற்கு இதுதான் காரணம். வட்டின் குற்றமல்ல, கையின் குற்றமும் அல்ல. இரண்டுக்கும் பொருத்தம் இல்லை, அவ்வளவே.

நான்கு எண்களின் சாதகம்

பொருத்தம் பார்க்க ஒரு வழி உண்டு. பெரும்பாலான வட்டுகளுக்கு நான்கு எண்கள் தரப்படுகின்றன. அவற்றை வட்டின் சாதகம் எனலாம். முதல் எண் வேகம். அந்த வட்டு தன் குணத்தைக் காட்ட எவ்வளவு வேகமாக எறியப்பட வேண்டும் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது மிதப்பு; காற்றில் எவ்வளவு நேரம் தங்கும் என்பது. மூன்றாவது திருப்பம்; தொடக்கத்தில் எவ்வளவு வலம் சாயும் என்பது. இது எதிர்மறையாகக் கூடக்கூட வலச்சாய்வும் கூடும். நான்காவது முடிவுச் சாய்வு. கடைசியில் எவ்வளவு இடம் திரும்பும் என்பது.

இனோவா நிறுவனத்தின் டெஸ்ட்ராயர் என்ற புகழ்பெற்ற டிரைவரின் எண்கள் 12, 5, -1, 3. அதே நிறுவனத்தின் லெப்பர்ட் வட்டுக்கு 6, 5, -2, 1. இரண்டுக்கும் மிதப்பு ஒன்றுதான். ஆனால் டெஸ்ட்ராயர் 12 கேட்கும் இடத்தில் லெப்பர்ட் 6தான் கேட்கிறது. இடப்பக்கம் இழுக்கும் பிடிவாதமும் அதற்குக் குறைவு. நடுத்தரக் கையுள்ள ஒருவர் இரண்டையும் எறிந்தால், பல நேரம் லெப்பர்ட்தான் தூரமாகப் போகும்.

பயிற்சியாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு இது: உங்கள் எறி 75 மீட்டரைத் தாண்டாதவரை வேக எண் 7க்கு மேல் போக வேண்டாம். 90 மீட்டரை எட்டினால் 9 வரை முயன்று பார்க்கலாம். 105 மீட்டரைத் தாண்டிய பிறகே 11, 12 என்ற எண்களுக்கு வேலை. இந்த எண்களை ஒவ்வொரு நிறுவனமும் தானே தீர்மானிக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. ஒரு நிறுவனத்தின் 9 இன்னொன்றின் 9க்குச் சமமாக இருக்க வேண்டியதில்லை.

எடையும் பிளாஸ்டிக்கும் பார்க்க வேண்டியவை. 150 கிராம் வட்டுக்கு 175 கிராம் வட்டைவிட எளிதாக வேகம் ஏற்றலாம். புதியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் அதுவே நல்லது. ஆனால் காற்று அதை எளிதில் அலைக்கழிக்கும். மலிவான பிளாஸ்டிக் கையில் நன்றாகப் பிடிபடும். மரத்தில் மோதி மோதி விரைவில் தேயும். தேய்ந்த வட்டு பழையதைவிட வலப்பக்கம் அதிகம் சாயும். விலை உயர்ந்த பிளாஸ்டிக் நீண்டநாள் தன் குணம் மாறாமல் உழைக்கும். விளிம்பின் அகலத்தையும் கவனியுங்கள். டிரைவரின் விளிம்பு 2 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். விதி அனுமதிக்கும் உச்சம் 2.6 சென்டிமீட்டர். சிறிய விரல்களால் அதை இறுகப் பிடிப்பதே சிரமம்.

பலம் கையிலிருந்து வருவதில்லை

நல்ல எறி காலில் தொடங்குகிறது. சில அடிகள் குறுக்காக வைத்து முன்னேறி, வட்டைப் பின்னால் நீட்டி, முன்காலை ஊன்றியதும் இடுப்பு திரும்புகிறது. இடுப்பைத் தொடர்ந்து தோள், தோளைத் தொடர்ந்து முழங்கை, கடைசியாக மணிக்கட்டு. சாட்டையின் பிடியில் தொடங்கும் அசைவு நுனியில் சொடுக்காக முடிவதைப் போன்றது இது. வட்டு மார்பை ஒட்டி நேர்கோட்டில் இழுபட வேண்டும். உடலைச் சுற்றி வளைத்து வீசினால் வேகம் வீணாகும். எறிந்த பிறகு முன்காலின் குதிகாலில் உடலைச் சுழலவிட வேண்டும். காலை அப்படியே ஊன்றி நின்றால் முழங்கால் திருகிக்கொள்ளும்.

புதியவர்களின் தூரத்தை அதிகம் தின்பது ‘மூக்குத் தூக்கல்’. விடும்போது வட்டின் முன்விளிம்பு சில பாகை மேல்நோக்கி இருந்தாலே போதும். காற்று அடிப்பாகத்தில் மோதி, வட்டு வானை நோக்கி ஏறி, வேகம் இழந்து இடப்பக்கம் விழும். உயரமாக எறிவது வேறு, மூக்கைத் தூக்கி எறிவது வேறு. வட்டு போகும் பாதை மேல்நோக்கி இருக்கலாம். மூக்கு அந்தப் பாதைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கக்கூடாது.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டரில் எறிந்த வட்டுக்கு எதிரே 20 கிலோமீட்டர் காற்று வீசினால், வட்டின்மீது பாய்வது 100 கிலோமீட்டர் காற்று. தூக்குவிசை ஒன்றரை மடங்குக்கு மேலாகிவிடும். வட்டு வலப்பக்கம் புரளும். ஆகவே எதிர்காற்றில் இடச்சாய்வு மிகுந்த வட்டையே எடுக்க வேண்டும். பின்காற்றில் பாய்வு 60 கிலோமீட்டராகக் குறைந்து, வட்டு விரைவில் இடம் திரும்பும். அப்போது வலச்சாய்வு மிகுந்த, இலேசான வட்டே கைகொடுக்கும். அதை உயரமாக எறிந்தால், அது மெல்ல இறங்கும் நேரமெல்லாம் காற்றே அதை முன்னே சுமந்து செல்லும். பிரிமின் 338 மீட்டருக்குப் பாலைவனக் காற்றும் பங்காளி என்பது இதனால்தான்.

75 மீட்டரில் ஒரு பட்டம்

தூரமே எல்லாம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு எறியையும் சொல்ல வேண்டும். 2021 ஜூன் மாதம் அமெரிக்காவின் உட்டா மாநிலத்தில், ஆக்டன் நகரில் உலகப் போட்டி. கடைசிக் கூடை. ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற பால் மெக்பெத் ஓர் எறி முன்னிலையில் இருக்கிறார். ஜேம்ஸ் கான்ராட் சமநிலைக்கு வர வேண்டுமானால் ஏறக்குறைய 75 மீட்டர் தொலைவிலிருந்து நேரே கூடையில் போட்டாக வேண்டும். அவர் எறிந்தார். வட்டு பறந்து வந்து சங்கிலியில் மோதி விழுந்தது. கூடுதல் ஆட்டத்தில் வென்று பட்டத்தையும் அவரே பெற்றார்.

அவர் கையில் இருந்தது தொலைதூர டிரைவர் அல்ல. என்வி என்ற, வேக எண் 3 மட்டுமே கொண்ட பட்டர் வட்டு. தன் கையின் வேகத்தையும் வட்டின் குணத்தையும் அவர் துல்லியமாக அறிந்திருந்தார்.

வட்டு வாங்க நினைப்பவர்கள் ஒரு பட்டர், ஒரு மிட்ரேஞ்ச், வேக எண் 6 அல்லது 7 உள்ள ஓர் இலேசான வட்டு என்று தொடங்குங்கள். மிட்ரேஞ்ச் வட்டு பத்தில் எட்டு முறையாவது நேராகப் போகும்வரை பெரிய டிரைவர் கடையிலேயே இருக்கட்டும். நம் ஊர் வெயிலில் கை வியர்க்கும். ஒரு துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கூரான விளிம்புள்ள வட்டு ஆளின்மீது பட்டால் காயப்படுத்தும். அடுக்குமாடிக்குக் கீழேயோ கூட்டமுள்ள பூங்காவிலோ எறியாமல், ஆளில்லாத திறந்த திடலைத் தேடிப் போங்கள்.

அங்கே உங்கள் வட்டு முதன்முறையாகக் கொஞ்சம் வலம் மிதந்து, பிறகு இடம் திரும்பி மெல்ல இறங்கினால், அது 60 மீட்டர்தான் என்றாலும் கவலை வேண்டாம். உங்கள் கையும் வட்டும் பொருந்திவிட்டன. தூரம் தானாக வரும்.