பி கலத்தின் அடையாளப் புரதம்

திருகோணமலைத் துறைமுகத்தை நாடிவரும் கப்பல் எந்நாட்டினது என்பதை அதன் கொடியைக் கொண்டே அறிகின்றோம். சரக்கறையைத் திறந்து பார்த்து அறிவதில்லை. குருதியிலுள்ள வெண்கலங்களை ஆராய்வோரும் இம்முறையையே கைக்கொள்கின்றனர். நுணுக்குக்காட்டியினூடே நோக்கின் நிணநீர்க்கலங்கள் யாவும் ஏறத்தாழ ஒருதன்மையனவாகவே தோன்றும். பிறபொருளெதிரிகளை ஆக்கும் பி கலம் இது, நோயுற்ற கலங்களைக் கொல்லும் ரி கலம் இது எனப் பகுத்தறிதற்கு, மென்சவ்வின் புறத்தே நீட்டிநிற்கும் புரதங்களே துணையாவன. அவற்றுள் சி.டி. 19 எனப்படும் ஒன்றைப் பற்றி ஈண்டு ஆராய்வாம்.

பி என்னும் எழுத்து எங்கிருந்து வந்தது என மாணவர் வினவுவதுண்டு. கோழியின் கழிவாய்க்கு அருகே 'பேர்சா' என்றொரு சிறு பை உளது. அதனை அகற்றிய குஞ்சுகள் வளர்ந்தபின் பிறபொருளெதிரிகளை ஆக்கமாட்டாதனவாயின என்பதை 1956இல் கிளிக் என்பாரும் அவர்தம் துணைவரும் ஒரு கோழியியல் ஏட்டில் வெளியிட்டனர். மருத்துவ உலகம் அவ்வேட்டை அக்காலத்தில் அதிகம் புரட்டியதாகத் தெரியவில்லை! மனிதருக்கு அப்பை இல்லை. எம் பி கலங்கள் என்புமச்சையில் தோன்றுவன. எழுத்து மாத்திரம் நிலைத்துவிட்டது.

சி.டி. 19 என்பது 556 அமினோவமிலங்களாலாய சங்கிலியாக ஆக்கப்படுவது. அதற்குரிய பரம்பரையலகு 16ஆம் நிறமூர்த்தத்தில் உளது. பி கலம் இளம்பருவத்தில் இருக்கும்போதே இப்புரதம் அதன்மேல் தோன்றிவிடும். பி கலத்திற் பிறக்கும் குருதிப் புற்றுநோய்களுட் பெரும்பாலானவற்றின் கலங்களும் இதனை ஏந்திநிற்பன. குருதியைப் பிறப்பிக்கும் மூலக்கலங்களோ ஏந்துவதில்லை. ஆதலின் இக்கொடியை நோக்கித் தாக்கினால் நோய் அழியும், வேர் பிழைக்கும்.

இதனை ஆய்வுக்கெனப் பிரித்தெடுத்தல் எளிதன்று. மென்சவ்வை ஊடுருவும் பகுதி நீரை வெறுப்பது, நீரிலிட்டால் திரண்டுவிடும். ஆகவே புறத்தே நிற்கும் பகுதிக்குரிய பரம்பரைச் செய்தியை மட்டும் வெட்டியெடுத்து, ஆய்வுகூடத்தில் வளரும் மனிதக் கலங்களுட் புகுத்துகின்றனர். 1973இல் ஒல்லாந்தின் லெய்டன் நகரில் உருவாகிய 293 என்னும் கலவழி இதற்குப் பெரிதும் பயன்படுகின்றது; அவ்வெண் ஆராய்ச்சியாளரின் பரிசோதனைத் தொடரிலக்கமேயன்றி வேறன்று. பற்றீரியாவைக் கொண்டு மலிவாக ஆக்கலாகாதோ எனின், அது இப்புரதத்தின்மீது மனிதக் கலம் பொருத்தும் வெல்லக் கிளைகளைப் பொருத்தவல்லதன்று, மடிப்பும் பிழைபடும். மடிப்பே இங்கு முதன்மையானது. புறப்பகுதி இரண்டு தனித்தனி மடிப்புகளால் ஆயது என நெடுநாள் கருதப்பட்டது. 2018இல் வெளிவந்த பளிங்கமைப்பாய்வோ, அவ்விரண்டும் ஒன்றினுள் ஒன்று பின்னிய ஒரே நீண்ட மடிப்பு எனக் காட்டிற்று. கலங்கள் வளர்ப்புத் திரவத்திற் சுரந்த புரதத்தை, அதன் நுனியிற் சேர்த்த இஸ்ரிடீன் வால் நிக்கல் ஏற்றிய நிரலிற் பற்றிக்கொள்ளும் வகையால் தூய்மையாக்குவர். அங்ஙனம் பெற்றது ஆய்வுக்கே உரியது, உடலிற் செலுத்தற்குரியதன்று.

இத்துணை முயற்சி எதற்கு? நோயாளியின் ரி கலங்களை எடுத்து, சி.டி. 19ஐப் பற்றும் வாங்கியொன்றை அவற்றிற் பொருத்தி, மீண்டும் அவருடலிலேயே செலுத்தும் மருத்துவம் 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அன்று அதன் விலை 475,000 டொலர். பம்பாய் இந்தியத் தொழினுட்பக் கழகத்தாரும் தாதா நினைவு நிலையத்தாரும் ஆராய்ந்து உருவாக்கிய 'நெக்ஸ்கார் 19' 2023 ஒக்டோபரில் இந்தியாவில் அனுமதி பெற்றது. அதன் விலை மேலைநாட்டு விலையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு. அதுவும் எம்போன்றோர்க்குச் சிறுதொகையன்று. எனினும் எட்டாக்கனி சற்றே தாழ்ந்தது எனலாம்.

இவ்வகைக் கலங்களை ஆக்குமிடத்து, வாங்கி எத்தனை கலங்களிற் பொருந்திற்று என அறியாது செலுத்தல் தகாது. வாங்கியற்ற கலங்களைப் பெற்ற நோயாளி, இழத்தற்கரிய நாட்களை வீணே இழப்பார். ஒளிரும் சாயம் ஏற்றிய சி.டி. 19 புரதத்தைக் கலங்களோடு கலந்தால், வாங்கியுடையவை மாத்திரம் அதனைப் பற்றி ஒளிரும். கருவி அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிவிடும். புரதம் பிழையாக மடிந்திருப்பின் நல்ல கலமும் ஒளிராது.

சிகிச்சை பெற்றோருட் சிலரில் நோய் மீளுங்கால், புற்றுக்கலங்கள் சி.டி. 19 அற்றனவாய் வருவதுண்டு. கொடியை இறக்கிவிட்டு வரும் கப்பலைக் காவலர் எவ்வாறு அறிவர்? அது கருதியே சி.டி. 19, சி.டி. 22 ஆகிய இரண்டையும் ஒருங்கே பற்றவல்ல கலங்களை ஆக்கும் ஆய்வுகள் நடைபெற்று வருகின்றன.