நெய்யாற்றுப் படுகை: மழைக்காட்டு மரபும் அதன் பங்காளிகளும்

இந்திய நிலப்பரப்பில் ஏறத்தாழ 1.2 விழுக்காட்டையே கொண்ட சிறு மாநிலம் கேரளம். ஆயினும் அதன் பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நிலம் வனத்துறையின் ஆளுகையில் உள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கும் 44 ஆறுகளுள் 41 ஆறுகள் மேற்கு நோக்கிப் பாய்ந்து அரபிக்கடலை அடைகின்றன. இம்மாநிலத்தைக் காண வருவோரில் பெரும்பாலோர் உப்பங்கழிகளையும் தேயிலை மலைகளையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். மழைக்காட்டையும் அதனைச் சார்ந்த மக்களின் மரபையும் ஒருசேர அறிய விரும்புவோருக்கு மாநிலத்தின் தென்கோடியிலுள்ள நெய்யாற்றுப் படுகை ஏற்ற இடமாகும். ஆற்றின் நீளம் 56 கிலோமீட்டர் மட்டுமே. அடர்ந்த காடு, பழங்குடியினர் குடியிருப்பு, அணை, ரப்பர்த் தோட்டம், திருத்தலம், கழிமுகம் ஆகிய அனைத்தும் இச்சிறு தொலைவுக்குள் அடங்கியுள்ளன.

இப்படுகையின் நடுப்பகுதியில், நெய்யாற்றின்கரை நகருக்கும் அம்பூரி மலையடிவாரத்துக்கும் இடையே ஒற்றசேகரமங்கலம் அமைந்துள்ளது. தமிழக எல்லையை ஒட்டிய இச்சிற்றூர்களில் ரப்பரும் மரவள்ளியும் வாழையும் முக்கியப் பயிர்கள். கிழக்கே நோக்கினால் அகத்தியமலைத் தொடர் தென்படும்.

மலையும் காடும்

அகத்தியமலைச் சிகரத்தின் உயரம் 1,868 மீட்டர். தமிழ் இலக்கியம் பொதிகை எனப் போற்றும் மலைத்தொடர் இதுவே. இதன் கிழக்குச் சரிவில் தாமிரபரணியும் மேற்குச் சரிவில் நெய்யாறும் கரமனையாறும் தோன்றுகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று ஆகிய இரண்டும் இங்கு மழை பொழிவதால் பசுமைமாறாக் காடுகள் செழித்துள்ளன. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2001-இல் அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 3,500 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இது கேரளத்திலும் தமிழகத்திலுமாகப் பரந்துள்ளது. 2016-இல் யுனெஸ்கோவின் உலக வலைப்பின்னலில் இது சேர்க்கப்பட்டது. இங்குக் காணப்படும் உயர்வகைத் தாவர இனங்கள் 2,254 எனவும், அவற்றுள் சுமார் 400 இனங்கள் இப்பகுதிக்கே உரியவை எனவும் கணக்கிடப்பட்டுள்ளது.

இம்மலை அறிவியல் வரலாற்றிலும் இடம்பெற்றதாகும். திருவிதாங்கூர் அரசின் வானாய்வு நிலையத்தை நடத்திய ஜான் ஆலன் புரூன், 1855-இல் இச்சிகரத்தில் ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவினார்.

அணை தந்ததும் பிரித்ததும்

நெய்யாற்றின் குறுக்கே கள்ளிக்காட்டருகே அமைந்த அணை 1950-களில் கட்டப்பட்டது. அணையைச் சூழ்ந்த காட்டில் 128 சதுர கிலோமீட்டர் பரப்பு 1958-இல் வனவிலங்குச் சரணாலயமாயிற்று. அணையால் படுகையின் கீழ்ப்பகுதி பாசன வசதி பெற்றது. அதே வேளையில், நீர்த்தேக்கத்துக்கு அப்பாலிருந்த காணிக்காரர் குடியிருப்புகள் வெளியுலகிலிருந்து துண்டிக்கப்பட்டன. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் செல்ல அம்மக்கள் கும்பிச்சல்கடவில் தோணியையே பல்லாண்டுக் காலம் நம்பியிருந்தனர். ஒரு திட்டத்தின் நன்மை ஓரிடத்திலும் அதன் சுமை வேறோர் இடத்திலும் விழுவதற்கு இது தக்க சான்றாகும்.

மலைச்சரிவை ஆளும் முறையிலும் எச்சரிக்கை தேவை. 2001 நவம்பர் 9 அன்று அம்பூரியில் பெருமழையின்போது நேர்ந்த நிலச்சரிவில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். செங்குத்தான சரிவுகளில் இயற்கை வடிகால்கள் தடைப்படும்போது மழைநீர் மண்ணுக்குள் தேங்கி, அதன் பிடிப்பைத் தளர்த்துகிறது. எனவே மலைப்பகுதிகளில் பயிரிடும் முறையும் வீடு கட்டும் முறையும் வடிகால்களைக் காப்பனவாக அமைதல் வேண்டும்.

காணிக்காரரின் அறிவு

காணிக்காரர் தமிழக, கேரள மலைச்சரிவுகள் இரண்டிலும் வாழும் பழங்குடியினர். தமிழும் மலையாளமும் கலந்த வழக்கு இவர்களுடையது. 1987-இல் இம்மலைக்குச் சென்ற ஆய்வாளர் குழு ஒன்று, வழிகாட்டிய காணிக்காரர் ஒரு சிறு செடியின் கனிகளை உண்டு களைப்பின்றி நடப்பதைக் கண்டது. ‘ஆரோக்கியப்பச்சை’ என்னும் அச்செடியை ஆராய்ந்த பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம், ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது. 1995-இல் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆயுர்வேத மருந்து நிறுவனத்துக்கு ஏழாண்டு உரிமம் அளிக்கப்பட்டது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய். விற்பனையில் பங்கு 2 விழுக்காடு. இவ்விரண்டிலும் பாதியைக் காணிக்காரருக்கு வழங்க முடிவாயிற்று. அதற்கென 1997-இல் அவர்களுடைய நல அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது.

மரபறிவுக்குப் பங்களிக்கும் ஏற்பாடுகளில் இது உலகளவில் முன்னோடியாகக் கருதப்பட்டது. இந்தியாவின் உயிரியல் பன்முகச் சட்டம் 2002-இல்தான் இயற்றப்பட்டது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. எனினும் நடைமுறையில் இடர்ப்பாடுகள் எழுந்தன. மருந்துக்குத் தேவையான இலைகள் காப்புக்காட்டில் விளைபவை. அளவுமீறிப் பறித்தால் செடியே அழியும் என வனத்துறை அஞ்சியது. இலை வழங்கல் தடைப்பட்டது. எல்லாக் குடியிருப்புகளும் ஒப்பந்தத்தில் தொடக்கத்திலேயே கலந்துகொள்ளவுமில்லை. மூலப்பொருள் பயிரிடுதலும் மக்கள் இசைவும் முன்கூட்டித் திட்டமிடப்படாவிடின் நல்ல நோக்கமும் முழுப்பயன் தராது என்பதே இதன் பாடம்.

ஆற்றங்கரைப் பண்பாடு

ஆற்றின் வழியே கீழிறங்கினால் அருவிப்புறம் வருகிறது. 1888-இல் ஸ்ரீ நாராயண குரு இங்குச் சிவலிங்கத்தை நிறுவினார். சாதி வேற்றுமைக்கு எதிரான கேரள எழுச்சியில் இந்நிகழ்ச்சி ஒரு திருப்புமுனையாகும். நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில் வளாகத்திலுள்ள ‘அம்மச்சிப் பிலாவு’, மார்த்தாண்ட வர்மர் பகைவரிடமிருந்து ஒளிந்திருந்த பலாமரம் என மரபு கூறும். அகத்தியரைக் குருவாகக் கொண்ட தெற்கன் களரியும் வர்ம மருத்துவமும் இவ்வட்டாரத்தின் சிறப்புகள். வர்மச் சுவடிகள் பல தமிழிலேயே உள்ளன. பூவாற்றில் நெய்யாறு கடலுடன் கலக்கிறது.

எல்லையும் நீரும்

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. பத்மநாபபுரம் அரண்மனை இன்று தமிழக மண்ணில் இருப்பினும் கேரள அரசே அதனைப் பேணுகிறது. மரபைப் பகிர்வதில் காணப்படும் இந்த இணக்கம் நீரில் வாய்க்கவில்லை. நெய்யாற்று இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டில் சுமார் 9,200 ஏக்கருக்கும் பாசனம் அளித்து வந்தது. 2004-இல் அந்நீர் நிறுத்தப்பட்டது. நெய்யாறு தன் மாநிலத்துக்குள்ளேயே ஓடும் ஆறு என்பது கேரளத்தின் வாதம். திட்டத்தின் பாசனப்பரப்பு தன் எல்லைக்குள்ளும் அடங்கும் என்பது தமிழகத்தின் வாதம். 2012-இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது.

பயணிகள் கவனத்துக்கு

அகத்தியமலை ஏறுவதற்குக் கேரள வனத்துறையின் அனுமதி தேவை. வழக்கமாக ஜனவரி முதல் போணக்காட்டிலிருந்து குறிப்பிட்ட எண்ணிக்கையினரே அனுப்பப்படுகின்றனர். 2018-இல் கேரள உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து 2019 முதல் பெண்களும் சிகரம் வரை செல்கின்றனர். மலை தங்களுக்குப் புனிதமானது என்னும் காணிக்காரரின் உணர்வையும் பயணிகள் மதித்தல் நன்று.

மேட்டில் காட்டைக் காப்பவர், நடுவில் சரிவைப் பயிரிடுபவர், கீழே நீரைப் பெறுபவர் ஆகிய மூவரும் ஒரே படுகையின் பங்காளிகள். காட்டின் பயன் இம்மூவருக்கும் நேர்மையாகப் பகிரப்படும்போதுதான் அதனைக் காக்கும் பொறுப்பையும் அனைவரும் விரும்பி ஏற்பர். நெய்யாற்றுப் படுகையின் அறுபதாண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவம் வளர்ச்சித் திட்டங்களை வகுப்போர்க்கு உணர்த்துவது இதுவேயாகும்.