வான்வழிப் பயணமும் வழக்குமன்ற நீதியும்

சின்னசேலத்தில் விமான நிலையம் இல்லை. ஆயினும், திருச்சியிலோ சென்னையிலோ விமானம் ஏறி, வளைகுடா நாடுகளுக்குப் பொருள் தேடிச் செல்வோர் நம் வட்டாரத்திலும் உளர். அவர்தம் கையிலுள்ள பயணச்சீட்டு வெறும் தாள் அன்று. சட்டத்தின் காவல் பெற்ற ஓர் ஒப்பந்தம் என்பதைப் பலர் அறியார்.

இதனை நாடறியச் செய்தது மங்களூர் விபத்து. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், குன்றின் மேலமைந்த ஓடுதளத்தைக் கடந்து பள்ளத்தில் வீழ்ந்தது. அதிலிருந்த 166 பேரில் 158 பேர் மாண்டனர்; எண்மரே உயிர் பிழைத்தனர்.

பன்னாட்டு விமானப் பயணத்திற்கான 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையை இந்தியா 2009இல் ஏற்றது. அதன்படி, விபத்தில் பயணி இறப்பின், ஒரு வரம்பு வரையிலான இழப்பிற்கு நிறுவனத்தின் பிழையை மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. அதற்கு மேற்பட்ட இழப்பிற்கோ, தன்பால் கவனக்குறைவு இல்லையென மெய்ப்பிக்கும் சுமை நிறுவனத்தையே பெரிதும் சாரும்.

அவ்வரம்புத் தொகை அனைவர்க்கும் உறுதியாகக் கிடைப்பதா? ஏறத்தாழ 75 இலட்சம் ரூபாயைக் குறைந்த அளவாக வழங்குமாறு கேரள உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2011 சூலையில் தீர்ப்பளித்தார். இழப்பு மெய்ப்பிக்கப்பட வேண்டுமெனக் கருதிய இரு நீதிபதிகள் அமர்வு அதனை மாற்றியது. வரம்பு என்பது கொடைத்தொகை அன்று என்பதே இதன் உட்பொருள்.

அதே விபத்தில் இறந்த மற்றொருவர் குடும்பத்தின் வழக்கில், தேசிய நுகர்வோர் ஆணையம் 7.35 கோடி ரூபாய் வழங்கியது. ஊதியத்தின் ஒரு பகுதியைக் கணக்கில் கழித்ததை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2020இல் அதனை 7.64 கோடியாக உயர்த்தியது. விபத்திற்கும் இத்தீர்ப்பிற்கும் இடையே ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழிந்தன.

ஊதியச் சான்றுகளே இத்தகைய வழக்கின் உயிர்நாடி. பாண்டியன் அவையில் கண்ணகியின் வழக்கை வென்று தந்ததும் சிலம்பென்னும் சான்றன்றோ?

காலமும் கருதத்தக்கது. இழப்பீட்டு வழக்கை ஈராண்டுக்குள் தொடுத்தல் வேண்டும். தவறின் உரிமையே அற்றுப்போம். பெட்டி பழுதுற்றால் அதனைப் பெற்ற ஏழு நாட்களுக்குள்ளும், காலந்தாழ்ந்து கிடைத்தால் கிடைத்த நாள் முதல் 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் முறையிடுதல் இன்றியமையாதது.

பயணம் செல்வோர் பயணச்சீட்டு, கடவுச்சீட்டு, பணி ஒப்பந்தம், ஊதியச் சான்று ஆகியவற்றின் படிகளை வீட்டில் வைத்துச் செல்வாராக! அப்படிகளை எழுத்தறியாப் பெற்றோர்க்குப் படித்து விளக்குதல் கற்ற மாணவர்தம் கடமையாகும்.