கிட்டாரின் வயிற்றில் ஒரு பேட்டரி

ஒலிக்கு வலு சேர்க்கும் சுற்றை உள்ளே வைக்கலாம். ஒலியைக் கரகரக்க வைக்கும் சுற்றை? மரத்தைக் குடையும் முன் யோசிக்க வேண்டிய விஷயம்

குவீன் இசைக்குழுவின் பிரையன் மே அரை நூற்றாண்டுக்கும் மேலாக வாசித்துவரும் சிவப்பு கிட்டாரில் முத்துச் சிப்பியால் இழைத்த நட்சத்திரம் ஒன்று உண்டு. 2007இல் வானியற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கியவருக்குப் பொருத்தமான அலங்காரம்தான். ஆனால் அது அலங்காரத்துக்காக வந்ததல்ல. ஓட்டையை மூட வந்தது.

1963இல் லண்டன் புறநகரான ஃபெல்தமில், பள்ளி மாணவரான மேயும் எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த தந்தை ஹெரால்டும் சேர்ந்து இந்தக் கிட்டாரைச் செய்ய ஆரம்பித்தார்கள். கடையில் வாங்கக் காசில்லை. பழைய கணப்படுப்பின் மஹோகனிச் சட்டம் கிட்டாரின் கழுத்தாயிற்று. மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகளும் உள்ளே போயின. கையோடு கையாக, ஒலியைக் கரகரக்க வைக்கும் ஃபஸ் சுற்று ஒன்றும் ஏறியது. பிறகு வாக்ஸ் ஏசி30 ஆம்ப்ளிஃபயர் வந்தது. அதை முழு மூச்சில் பாடவிட்டபோது எழுந்த உறுமலுக்கு முன் உள்ளிருந்த ஃபஸ் எடுபடவில்லை. சுற்று வெளியேறியது. ஸ்விட்ச் இருந்த துளையில் நட்சத்திரம் உதித்தது.

கிட்டாரைத் திறந்து சொந்தச் சுற்றை வைக்கும் ஆசை இன்றும் பலருக்கு உண்டு. சென்னை ரிச்சி தெரு, மும்பை லாமிங்டன் ரோடு, பெங்களூர் எஸ்.பி. ரோடு எங்கு போனாலும் வேண்டிய ஐ.சி.யும் டயோடும் சல்லிசாகக் கிடைக்கும். சிக்கல், ப்ரீஆம்ப், டிஸ்டார்ஷன் என்ற இரண்டு வேறு ஆசைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான்.

முதலில் ப்ரீஆம்ப். கம்பிக்கு அடியில் இருக்கும் பிக்அப் என்பது காந்தத்தின் மேல் பல்லாயிரம் சுற்றுச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பி. அது தரும் மின்சாரம் நோஞ்சான். ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் கேபிளோ மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் கொண்ட ஒரு கெபாசிட்டர். ஆறு மீட்டர் கேபிளைக் கடப்பதற்குள் ஒலியின் உச்சப் பளபளப்பு கணிசமாக மங்கிவிடும். கேபிளுக்குள் நுழையும் முன்பே அந்த நோஞ்சானுக்குத் தெம்பூட்டினால் இழப்பு இல்லை. ஆகவே ப்ரீஆம்புக்குச் சரியான இடம் கிட்டாரின் உள்பக்கமே. இது ரசனை அல்ல, இயற்பியல்.

சந்தையும் இதையே சொல்கிறது. 1976இல் மியூசிக் மேன் நிறுவனம் ஸ்டிங்ரே பேஸ் கிட்டாரை உள்ளேயே ப்ரீஆம்ப் வைத்து விற்றது. நிறுவனம் கை மாறிய பிறகும் ஸ்டிங்ரே விற்கிறது. பிக்அப்புக்குள்ளேயே ப்ரீஆம்பை அடைத்த இஎம்ஜி தயாரிப்புகள் மெட்டாலிகா குழுவினரின் கிட்டார்களில் ஏறி உலகம் சுற்றின.

டிஸ்டார்ஷன் கதை வேறு. அது ஒலியலையின் தலையைச் சீவும் வேலை. இரண்டு சிலிக்கான் டயோடுகளை எதிரெதிராக வைத்தால், சுமார் 0.6 வோல்ட்டுக்கு மேல் எழும் எதுவும் வெட்டுப்படும். ஜெர்மானியம் டயோடு இன்னும் தாழ்வாகவும் மிருதுவாகவும் வெட்டும். எவ்வளவு வெட்டுவது, எந்த ஆம்ப்ளிஃபயரில், எந்தப் பாட்டுக்கு என்பதெல்லாம் ரசனை. ரசனை மாறும். தரையில் கிடக்கும் பெடல் பிடிக்காவிட்டால் விற்றுவிடலாம். கிட்டாருக்குள் வைத்ததை விற்க முடியாது, குடைந்த மரத்தை மீண்டும் நிரப்பவும் முடியாது. பழைய கிட்டாரென்றால் அதன் விலையும் அந்த மரத்தூளோடு போய்விடும்.

வாக்ஸ் நிறுவனமே 1960களில் டிஸ்டார்ஷன் உட்படப் பல வித்தைகளை உள்ளடக்கிய கிட்டார்களை விற்றது. எலெக்ட்ரா என்ற பெயரில் 1970களில் வந்த கிட்டார்கள் இன்னும் சாமர்த்தியமானவை. முதுகில் மூடியைத் திறந்து வேண்டிய சுற்றைச் செருகிக்கொள்ளலாம். இரண்டும் இன்று சேகரிப்பாளர்களின் பொருள்கள். ம்யூஸ் குழுவின் மேத்யூ பெல்லமி மட்டும் விடாப்பிடியாக ஃபஸ் ஃபேக்டரி சுற்றை உள்ளே வைத்து வாசிக்கிறார். அவருக்குக் கிட்டார் ஒன்றல்ல.

மின்சாரக் கணக்கும் உண்டு. டிஎல்072 ஐ.சி. சுமார் 3 மில்லி ஆம்பியர் குடிக்கும். டிஎல்062 அதில் ஏழில் ஒரு பங்குதான், இரைச்சல் கொஞ்சம் கூடுதல். தனி ஸ்விட்ச் வேண்டாம். ஸ்டீரியோ சாக்கெட் போட்டு பேட்டரியின் நெகட்டிவ் முனையை அதன் நடு இணைப்பில் பற்றவைத்தால், கேபிளைச் செருகும்போது மட்டும் சுற்று உயிர்பெறும். வாசித்து முடித்தும் கேபிளை உருவ மறப்பவர்களுக்கு, டிஎல்072 என்றால் ஒரு வாரத்தில் பேட்டரி காலி.

மரத்தைத் தொடாத வழியும் உண்டு. அமெரிக்காவின் அலெம்பிக் நிறுவனம் 1970களில் ஸ்ட்ராட்டோபிளாஸ்டர் என்றொரு ப்ரீஆம்பை விற்றது. ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் கேபிள் செருகும் தகட்டைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பொருத்துவது. பிடிக்காவிட்டால் இரண்டு திருகையும் கொஞ்சம் ஈயப் பற்றையும் எடுத்துவிட்டுப் பழைய தகட்டையே மாட்டிக்கொள்ளலாம்.